பெயர் பொறிக்கப்படாத கொடையாளர்

சிங்கப்பூரில் புக்கிட் தீமா சாலையை ஒட்டி, பசும்புல் முற்றங்களைச் சூழ்ந்த நீண்ட தாழ்வாரங்களோடு இன்றும் நிற்கின்ற பழைய ராஃபிள்ஸ் கல்லூரிக் கட்டடங்களைப் பார்க்கச் செல்பவர்கள், அவற்றுள் ஒன்று ஓய் தியோங் ஹாம் என்னும் சீனச் சர்க்கரை வணிகரின் பெயரையும், மற்றொன்று மானசே மேயர் என்னும் யூதச் செல்வரின் பெயரையும் தாங்கி நிற்பதைக் காணலாம். இருவரும் ஆளுக்கு 1,50,000 வெள்ளி அக்கல்லூரிக்கு வழங்கியவர்கள். வழங்கியவர் பெயரை நிலைநிறுத்துவது நன்றியுடைய சமூகத்தின் லட்சணம். தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த ராஜராஜன், தான் கொடுத்தவற்றையும் தன் தமக்கை கொடுத்தவற்றையும் தன் தேவியர் கொடுத்தவற்றையும் மட்டுமன்றி, வேறு யார் யார் எவ்வெவற்றைக் கொடுத்தனரோ அவற்றையும் சேர்த்தே கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான் என்பதைத் தமிழர் அறிவர். அந்த ஆணையில் அடங்கியிருக்கும் தர்மத்தை நினைத்துத்தான் இக்கட்டுரையை எழுதத் தொடங்குகிறேன்.

ஏனெனில், அந்தக் கல்லூரியினின்றும் கிளைத்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் கலைப்புலத்துக்கு, சென்ற நூற்றாண்டின் ஐம்பதுகளில், மலாயாத் தமிழர்கள் ஒரு கொடை செய்தார்கள். அவர்களுட் பெரும்பாலோர் ரப்பர் தோட்டங்களிலும் துறைமுகத்திலும் ரயில் பாதையிலும் உடல் வருந்தி உழைத்தவர்கள். அவர்கள் கொடுத்தது சிறு சிறு தொகை. அவர்கள் பெயர் எந்தக் கட்டடத்தின் முகப்பிலும் இல்லை. கலைப்புலங்களின் சரித்திரத்தை எழுத முற்படுவோர் பெரும்பாலும் புலத் தலைவர்கள் எவ்வெவ்வாண்டுகளில் பதவி வகித்தனர் என்ற வரிசையையும், துறைகள் தோன்றிய ஆண்டுகளையும், கட்டடத் திறப்பு விழாக்களையும் எழுதி நிறைவடைகிறார்கள். அந்தச் சரித்திரம் கொடுத்தவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கட்சி.

கீழ்த்திசைக் குடியேற்ற நாடுகளில் உயர்கல்வி பெரும்பாலும் மக்கள் கேட்டுப் பெற்றதாகவே இருந்திருக்கிறது. 1905-இல் சிங்கப்பூரில் மருத்துவப் பள்ளி தோன்றியபோது, டான் ஜியாக் கிம் என்ற வணிகர் தாமே 12,000 வெள்ளி கொடுத்து, பிறரிடமும் திரட்டி, மொத்தம் 87,077 வெள்ளியைச் சேர்த்த பின்னரே அது நடைமுறைக்கு வந்தது. கலைக்கல்விக்கோ இன்னும் காத்திருக்க வேண்டியதாயிற்று. ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் காலடி வைத்த நூற்றாண்டு நிறைவை ஒட்டி, 1919-ஆம் ஆண்டளவில், அவர் பெயரால் ஒரு கல்லூரி வேண்டுமென்ற எண்ணம் உருக்கொண்டு, 1928-இல் மாணவர் சேர்ந்து, 1929 ஜூலையில் முறைப்படி திறப்பு விழா நடந்தது. ஆங்கிலம், சரித்திரம், பூகோளம், பொருளாதாரம் ஆகியவை ஒருபுறமும் கணிதமும் விஞ்ஞானமும் மறுபுறமுமாகக் கற்பிக்கப்பட்டன. மூன்றாண்டு பயின்று தேறியவர்களுக்குக் கிடைத்தது பட்டம் அன்று, சான்றிதழ் மட்டுமே. அதைப் பெற்றவர்களுள் மிகப் பலர் ஆங்கிலப் பள்ளி ஆசிரியர்களானார்கள். அதே 1929-ஆம் ஆண்டில், பர்மா முதலிய கடல்கடந்த நாடுகளின் வங்கித் தொழிலில் திரண்ட செட்டிநாட்டுச் செல்வத்திலிருந்து ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் எடுத்து வைத்த 20 லட்சம் ரூபாயைக் கொண்டு, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. ஒரு தலைமுறைக்குப் பிறகு சிதம்பரத்தில் தமிழ் கற்ற ஒருவர் மலாயாவின் கலைப்புலத்துக்கு வந்து சேரப்போகிறார்; அதைப் பின்னர்ச் சொல்வேன்.

1939-இல் அறிக்கை அளித்த மக்லீன் குழு, ராஃபிள்ஸ் கல்லூரி பல்கலைக்கழகமாவதற்கு இன்னும் பக்குவம் பெறவில்லை என்று சொல்லிவிட்டது. யுத்தம் வந்து, ஜப்பானியர் ஆட்சி வந்து, கல்லூரி மூடப்பட்டு, 1946-இல் மீண்டும் திறந்தபோது, உலகமே மாறிப்போயிருந்தது. 1947-இல் வந்த கார்-சாண்டர்ஸ் குழு, இனித் தாமதிக்கலாகாது, உடனே முழுப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று பரிந்துரைக்க, 1949 அக்டோபர் 8-ஆம் நாள் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் ஒன்றிணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. கலை, விஞ்ஞானம், மருத்துவம் என்று மூன்று புலங்கள். கலைப்புலத்தில் 1953-இல் மலாய் ஆய்வுக்கும் சீன ஆய்வுக்கும் துறைகள் தோன்றின. இந்தியாவைப் பற்றி ஆராயவும் ஒரு துறை வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை; அத்துறையின் மொழி எது என்பதில்தான் வழக்கு மூண்டது.

அவ்வழக்கின் தன்மையை விளங்கிக்கொள்ள, அன்றைய மலாயாத் தமிழனின் கல்வி நிலையைச் சிறிது நினைவுகூர வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டம் ஒவ்வொன்றும் பள்ளிக்கூடம் ஒன்றை நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. சட்டத்துக்குப் பணிந்து எழுந்த அப்பள்ளிகளுட் பல, லயத்தின் ஓர் ஓரத்தில் ஒற்றை அறையும், எல்லா வகுப்புக்கும் சேர்த்து ஒரே ஆசிரியருமாக இருந்தன; கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த இடங்களும் உண்டு. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டுப் பால்மரத்துக்குப் போன தாயும் தந்தையும் திரும்புவதற்குள், பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்திருப்பார்கள். அதற்குமேல் தமிழில் செல்வதற்கு அவர்களுக்கு வழியில்லை. தமிழ்க் கல்வி என்ற ஏணிக்கு இரண்டு படிகள் மட்டுமே இருந்தன, மேலே சுவரும் இல்லை, மாடியும் இல்லை. பல்கலைக்கழகத்தில் தமிழ் ஒரு பாடமாக அமைந்தால், அம்மொழியைக் கற்பிக்கப் பட்டதாரிகள் வருவார்கள், அவர்களால் இடைநிலைப் பள்ளிகளில் தமிழ் வரும், அதனால் தோட்டப் பள்ளிக்கும் ஒரு மேல்வாசல் திறக்கும் என்று நினைத்தவர்கள் மொழிவெறியால் நினைத்தவர்கள் அல்லர்.

இந்தியவியலுக்குச் சமஸ்கிருதமே மூலமொழி என்று வாதித்தவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. ஐரோப்பாவின் சர்வகலாசாலைகளில் இந்திய ஆராய்ச்சி அவ்வாறே வளர்ந்தது. வேதமும் இதிகாசமும் பௌத்த நூல்களும் அறியாமல் இந்தியாவை முழுமையாக அறிய முடியாது என்பதும் உண்மை. தென்கிழக்காசியாவின் பழங் கல்வெட்டுக்களுட் பல சமஸ்கிருதத்தில் உள்ளவை. ஆனால், ஒரு நாட்டின் பல்கலைக்கழகம் அந்நாட்டில் வாழும் மக்களின் வாயில் வழங்கும் மொழியைக் கற்பிக்காமல் விடுவதற்கு அது சமாதானம் ஆகாது. மலாயாவிலிருந்த இந்தியருள் மிகப் பெரும்பான்மையோர் தமிழர். அவர்கள் சிசுவுக்குத் தாலாட்டும் பிணத்துக்கு ஒப்பாரியும் பாடியது தமிழில். இதை எடுத்துச் சொல்வதற்கு 1935-இல் தாம் தோற்றுவித்த தமிழ் முரசு நாளிதழைக் கோ. சாரங்கபாணி முழுமையாகப் பயன்படுத்தினார். சுயமரியாதைக் கொள்கையில் ஊறியவராகிய அவர், வாதத்தோடு நில்லாமல், பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்களைச் சேர்த்து வைப்பதற்கென ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் ஒரு நிதியைத் தொடங்கினார்.

அந்தப் பெயரை இன்று படிக்கும்போது மிகையுணர்ச்சியாகத் தோன்றலாம். கொடுத்தவர்கள் நிலையில் நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது. பால்வெட்டுக் கூலியில் அரிசியும் பருப்பும் வாங்கி, ஊருக்கு அனுப்ப ஒரு பகுதியை ஒதுக்கி, எஞ்சியதில் பிள்ளையின் சட்டைக்கு எடுத்து வைத்த காசிலிருந்து, தாம் ஒருநாளும் கால் வைக்கப்போகாத ஒரு நூலகத்துக்குக் கொடுத்தவர்களின் மனம் எத்தகையது என்று எண்ணிப் பார்க்கிறேன். கோயிலுக்குக் கொடுப்பவன் சாமி கும்பிடப் போவான். கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்குபவன் லாபத்தை எதிர்பார்ப்பான். இவர்களோ தம் கண்ணில் படாத அலமாரிகளில் தம்மால் படிக்க இயலாத நூல்கள் இருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்தார்கள். அதற்குச் சிறிது முன்பின்னாக, நன்யாங் பல்கலைக்கழகம் எழும்பொருட்டுச் சீனர்களிடையே நிதி திரட்டப்பட்டபோது, சிங்கப்பூர் வீதிகளில் மூன்றுசக்கர வண்டி மிதித்தவர்கள் தம் ஒருநாள் வருமானத்தை அப்படியே கொடுத்தார்கள். அந்த நிகழ்ச்சி நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. தமிழ்த் தொழிலாளரின் கொடையோ விழா மலர்களில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது.

1956-இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கப்பட்டு, தமிழுக்கு அதில் உரிய இடம் கிடைத்தது. பல்கலைக்கழகம் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலுமாக இரு பிரிவாகப் பிரியத் தொடங்கிய 1959-இல், இத்துறை கோலாலம்பூருக்குச் சென்றது. 1962 ஜனவரி முதல் நாள் இரண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின. பந்தாய்ப் பள்ளத்தாக்கில் புதிதாக எழுந்த வளாகத்துக்கு, 1961-இல், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்த சேவியர் தனிநாயகம் அடிகளார் துறைத் தலைவராக வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியிற் பிறந்து, ரோமில் குருத்துவக் கல்வி பெற்று, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற அந்தத் துறவியைத்தான் முன்னர்க் குறிப்பிட்டேன்.

அடிகளார் இருந்த எட்டு ஆண்டுகளில் அத்துறை செய்த பணிகளுள் 1966 என்ற ஒரே ஆண்டை எடுத்துக்கொண்டால் போதும். அவ்வாண்டு ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடியது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதைத் தொடங்கி வைத்தார். இரண்டாண்டுகளுக்கு முன் டில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாட்டின்போது உருவான உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம், பிரெஞ்சு அறிஞர் ஃபிலியோசாவைத் தலைவராகக் கொண்டு, முதன்முதல் கூடிய இடம் தமிழ்நாடு அன்று, ஈழமும் அன்று. தொழிலாளர்கள் புத்தகம் வாங்கப் பணம் கொடுத்த அந்தப் பல்கலைக்கழகம். அதே ஆண்டில், வத்திக்கான் நூலகத்தில் அடிகளார் கண்டெடுத்த, 1679-இல் அம்பழக்காட்டில் அச்சான அந்தாம் த புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்ச்சுக்கீசிய அகராதியை, அதன் பழைய அச்செழுத்துத் தோற்றம் மாறாமல் இத்துறை வெளியிட்டது. தமிழாராய்ச்சி நூல்களைப் பற்றிய ஒரு வழிகாட்டி வெளிவந்தது. சங்ககாலத் தமிழரின் சமூக வாழ்வைப் பற்றிச் சிங்காரவேலு எழுதிய நூல் வந்தது. வரலாற்றறிஞர் அரசரத்தினம் மலாயாவின் இந்தியத் திருவிழாக்களைப் பற்றி எழுதினார். இராம சுப்பையா, கீழ்ப் பேராக் வட்டாரத்துத் தமிழர் பேச்சில் வழங்கும் சொற்களை ஆராய்ந்து ஒரு நூலாக்கினார். இக்கடைசி நூலை மற்றவற்றைவிட ஒரு படி மேலாக நான் மதிக்கிறேன். வத்திக்கானிலிருந்து வந்த அகராதியையும் தோட்ட வட்டாரத்துத் தொழிலாளியின் சொல்லையும் ஒரே ஆண்டில், ஒரே அக்கறையோடு அச்சேற்றிய துறை எங்கும் எளிதில் காணக்கிடைப்பதன்று.

இந்திய ஆய்வியல் துறையை மட்டும் சொல்லி நிறுத்துவது கலைப்புலத்துக்கு அநீதி செய்வதாகும். அங்கே பொருளாதாரம் கற்பித்த உங்கு அப்துல் அஜீஸ், ஒரு வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை சாரங்கள் இருக்கின்றன என்று எண்ணியே கிராமத்து வறுமையை அளக்கலாம் என்று கண்டவர். மலாய்க் குடியானவர்கள் மக்கா யாத்திரைக்காகச் சிறுகச் சிறுகச் சேமிக்க ஒரு நிதி வேண்டும் என்று 1959-இல் அவர் எழுதிய யோசனையிலிருந்தே ‘தாபோங் ஹாஜி’ என்ற பெரிய ஸ்தாபனம் வளர்ந்தது. ஐரோப்பியர் விட்டுச் சென்ற பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தமிழ்த் தொழிலாளர்கள் வேலையும் லயமும் இழந்து தவித்தபோது, அந்தத் தோட்டத் துண்டாடலை ஆராய்ந்தவரும் அவரே. அதே நெருக்கடிக்கு மாற்றாக, 1960-இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கித் தாமே தோட்டங்களை விலைக்கு வாங்கியவர்களும் அதே தொழிலாளர் சமூகத்தினர்தாம்.

அதற்கு முன்னரே, 1954-இல், சிங்கப்பூர் வளாகத்தில் சோஷலிஸ்ட் கழக மாணவர்கள் நடத்திய ‘ஃபஜார்’ இதழின் ஒரு கட்டுரைக்காக எட்டு மாணவர்கள்மீது ராஜத்துரோக வழக்குத் தொடரப்பட்டுத் தள்ளுபடியாயிற்று. அந்த எண்மருள் ஒருவரான ஜேம்ஸ் புதுச்சேரி, பின்னர்ச் சாங்கி சிறையில் இருந்தபடியே மலாயாவின் பொருளாதாரம் யார் கையில் இருக்கிறது என்று ஆராய்ந்து எழுதிய நூல் 1960-இல் வெளிவந்தது. தோட்டமும் சுரங்கமும் ஐரோப்பிய முகவர் நிறுவனங்களின் பிடியில் இருந்ததை அது புள்ளிவிவரத்தோடு எடுத்துக்காட்டியது. மற்றொருவர், தமிழ்த் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்த கவிஞர் எட்வின் தம்பு. அவர் 1980 முதல் 1991 வரை சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் கலை, சமூக அறிவியல் புலத் தலைவராக இருந்தார். சிங்கப்பூரில் மலாய் ஆய்வியல் துறைக்குத் தலைமை வகித்த சையத் உசேன் அலத்தாஸ், சுதேசிகள் சோம்பேறிகள் என்று குடியேற்றக்காரர் கட்டிவிட்ட கதையை 1977-இல் ஒரு நூலால் தகர்த்தார். குறைந்த கூலிக்கு உழைக்க மறுத்தவனைச் சோம்பேறி என்றும், மறுக்க வழியின்றி உழைத்தவனைக் கூலி என்றும் இகழ்ந்த மனப்பான்மையின் மூலத்தை அவ்வளவு தெளிவாகக் காட்டிய நூல்கள் சிலவே.

1969 மே மாதத்துக் கலவரத்துக்குப் பின்னர், இனங்கள் ஒன்றையொன்று அறியாமல் வாழ்கின்றன என்ற பயம் மலேசியாவைப் பற்றிக்கொள்ள, கோலாலம்பூரில் 1971-இல் மானிடவியல், சமூகவியல் துறை தோன்றியது. பின்னர்ப் பாடமொழி படிப்படியாக மலாய் ஆயிற்று. மாணவர்கள் தாம் பிறந்த தோட்டங்களுக்கே திரும்பிச் சென்று, தம் பெற்றோரிடமும் பாட்டிமாரிடமும் கேட்டறிந்து, ஆய்வேடுகள் எழுதினார்கள். நூலகத்துக்குக் காசு கொடுத்தவனின் பேரன், அந்நூலகத்தில் அமர்ந்து, கொடுத்தவனின் வாழ்க்கையை எழுதினான் என்றால், கலைப்புலம் தன் கடனில் ஒரு பகுதியைத் தீர்த்தது என்று கொள்ளலாம்.

இன்று கலைப்புலங்களை நோக்கி, உங்களால் என்ன பிரயோசனம், உங்கள் மாணவர்க்கு என்ன உத்தியோகம் என்று கேட்கிறார்கள். அக்கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு உத்தியோகம் அத்தியாவசியம். ஆனால், அக்கேள்விக்கு விடை சொல்ல முற்படும் புலத் தலைவர்கள், திறன் என்றும் சந்தை என்றும் பிறர் கற்பித்த சொற்களைத் திருப்பிச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மலாயாவின் பால்வெட்டுத் தொழிலாளர்கள் கொடுத்தபோது இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பணத்தை மருத்துவப் புலத்துக்கே கொடுத்திருப்பார்கள், மலேரியாவுக்கு மக்களைப் பலிகொடுத்தவர்கள் அவர்கள். தம் மொழியும் தம் சரித்திரமும் அறிவுலகத்தில் மதிப்போடு ஆராயப்பட வேண்டும் என்பதை ஒரு தேவையாகவே அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

ஆகவே, கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உள்ள கலைப்புலங்களிடமும், அவற்றில் பயின்று நல்ல நிலையில் இருக்கின்ற தமிழர்களிடமும் நான் கேட்பது இரண்டு. மாணவர்கள் தோட்டங்களைப் பற்றி எழுதிய ஆய்வேடுகளையெல்லாம் ஒருங்கு திரட்டி, எவரும் படிக்கத்தக்கவாறு மின்வடிவாக்க வேண்டும். தட்டச்சுத் தாள் பழுக்கிறது, அவற்றில் வாய்மொழி சொன்ன பாட்டிமார்களும் இன்று இல்லை. அடுத்து, ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்குக் கொடுத்தவர்களின் பெயர்களைத் தேட வேண்டும். பழைய தமிழ் முரசு இதழ்கள் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தில் மின்வடிவில் கிடைக்கின்றன. தோட்டந்தோறும் குடும்பங்களில் நினைவும், சிலரிடம் பற்றுச்சீட்டும் எஞ்சியிருக்கலாம். ஒரு முனைவர் பட்டத்துக்கு இதனினும் தகுந்த பொருள் உண்டா என்று நான் ஐயுறுகிறேன்.

கீழ்ப் பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களுட் பல செம்பனைக் காடுகளாகிவிட்டன, லயங்கள் இடிந்தன, அங்கிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஈப்போவிலும் கிள்ளானிலும் கோலாலம்பூரின் அடுக்குமாடிகளிலும் குடியிருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டன்மார் பேசிய சொற்களுட் சில, 1966-இல் இராம சுப்பையா அச்சிட்ட அந்த நூலில் மட்டுமே இருக்கக்கூடும். அந்நூலைப் பல்கலைக்கழகம் மறுபதிப்புச் செய்யட்டும். நிதிக்குக் கொடுத்தவர்களின் பெயர்களுள் எத்தனை கிடைத்தாலும், பத்தேயானாலும், அவற்றை அதன் முதற்பக்கத்தில், கொடுத்த தொகையோடும் தோட்டத்தின் பெயரோடும் அச்சிடட்டும்.